மறுபக்கத்துக் கண்

அடி வாங்கிய பிள்ளை சுவரைப் பார்த்து நிற்பதுபோல ஏஞ்சல் மீன் தொட்டியின் மூலையில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றது. தார்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதையே பார்த்தான். இடது கண்ணில் பால் தெளித்தாற்போல ஒரு மங்கல். வயிற்றோரம், பிடித்த அன்று காற்றை இறக்க ஊசி குத்திய இடத்தில், சிவந்த தடிப்பு. காயமா, நோயா என்று அவன் இப்போதே முடிவு செய்தாக வேண்டும். விடிந்தால் மௌன நாள். பாலித் தீவு முழுக்க அடுப்பு எரியாது, விளக்கு எரியாது, ஒருவரும் வேலை செய்யக் கூடாது, வாசல் தாண்டக் கூடாது. முன்பக்கம் திறந்த மீன் கொட்டகையோ வீட்டு வாசலுக்கு எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம்.

காயம் என்றால் தொடக் கூடாது. சுத்தமான உப்புத் தண்ணீரில் தானே ஆறிவிடும். வலையில் அள்ளினால்தான் மேல்வழவழப்பு உரிந்து சாகும். நோய் என்றால் இந்த நிமிடமே வெளியே எடுத்தாக வேண்டும். ஒரு பகல் விட்டாலும் தொட்டியில் உள்ள அத்தனையும் அதன் பின்னாலேயே போய்விடும். வாளியில் தனியாக வைக்கலாம் என்றால் இருப்பது ஒரே காற்றுக் குழாய்; வெளியே எடுத்தால் அது பிழைக்காது. இந்த ஏஞ்சலுக்காகத்தான் மற்ற மீன்களையும் எடுத்துக்கொள்கிறேன் என்று அலங்கார மீன் வியாபாரி சொல்லியிருந்தான். போன தடவை பெட்டியைத் திறந்தபோது பாதி செத்துக் கிடந்ததாம். இன்னொரு தடவை அப்படி நடந்தால் இந்தக் கரைப்பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றும் சொல்லியிருந்தான்.

தார்பாவுக்கு ஒரு கணக்கு உண்டு. காயம் பட்ட பக்கத்தோடு நிற்கும். நோய்க்கு அந்த நாணயம் கிடையாது, இரண்டு பக்கமும் வரும். மறுபக்கத்துக் கண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும். மீன் திரும்பித் தொலைக்கவில்லை.

அண்ணன் சுக்ராடாவை நாற்காலியோடு தூக்கிவந்து கொட்டகையில் வைத்திருந்தார்கள். இந்த மீன்கள் அத்தனையும் அவன் கடலுக்குள் மூழ்கிப் பிடித்தவை. போன வாரம் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததும், வயிறு உப்பி மிதந்த மீன்களுக்குப் படகிலேயே ஒவ்வொன்றாக ஊசி குத்திக் காற்றை இறக்கினான். கடைசி மீனைப் பையில் விட்டுவிட்டு எழப் பார்த்தபோது கால்கள் எழவில்லை. டென்பசார் ஆஸ்பத்திரியில் அழுத்தக் காற்று அடைத்த இரும்பு உருளைக்குள் படுக்கவைத்தும் பார்த்தார்கள்; கால்கள் திரும்பவில்லை. திரும்பி வந்த அன்று தொட்டியைக் காட்டி, "மீனுன்னு நெனைக்காத. என் ரெண்டு காலும் அதுலதான் நீந்துது" என்றான்.

சுக்ராடாவின் ஊசிப் பெருமை ஊரறிந்தது. பேய்க்கணவாய் ஒன்று அவனிடம் தொழில் கற்க வந்து, எட்டுக் கை இருந்தும் அவனுடைய ஒரு கைக்கு ஈடாகவில்லை என்று வெட்கப்பட்டுப் பாதியிலேயே போய்விட்டதாம். அந்தக் கணவாயைத் தானும் பார்த்ததாக ஊரில் இரண்டு பேர் சாட்சியே சொல்வார்கள்.

"ப்ளி, இதுக்கு ஊசி சரியாத்தான எறங்குச்சு?" தம்பி அண்ணனை அழைக்கும் அந்தப் பாலிச் சொல்லில்தான் தார்பா எப்போதும் அழைப்பான்.

சுக்ராடா மீனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். தூரத்தில் பூதப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு, தகரம் தட்டிப் பேய் விரட்டும் கூட்டம் கிளம்பிவிட்டிருந்தது.

"கை நடுங்கிடுச்சுடா."

"என்னது?"

"செவிடா நீ? மேல வர்றப்பவே வெரல்ல உணர்ச்சி இல்ல. கோணலாக் குத்திட்டேன். முனை கண்ணுலயும் பட்டிருக்கும். வெறும் காயந்தான், ஆறிடும். வலைய வை கீழ."

"உன் கையா நடுங்குச்சு?"

"ஏண்டா, காலு போன ஆளுக்குக் கை மட்டும் அரண்மனையிலயா உத்தியோகம் பாக்கும்?"

தார்பா சிரித்துவிட்டான். பிறந்ததிலிருந்து ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத வாய் அது. ஒப்புக்கொண்டுவிட்டதே என்ற ஆச்சரியத்தில், ஏன் ஒப்புக்கொண்டது என்று அவனுக்குத் தோன்றவில்லை. வலையை ஆணியில் மாட்டினான்.

மௌன நாள் அவ்வளவு மௌனமாக இருந்தது. சேவல் கூவ வாயைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்து, கொட்டாவி விட்டதுபோல மூடிக்கொண்டது. நாய்கள் கண்ணாலேயே குரைத்துக்கொண்டன. ஊரில் சத்தம் போட்டது தொட்டியின் காற்றுக் குழாய் ஒன்றுதான். வெயில் ஏறியதும் தார்பா வாசற்கதவை ஒரு சாண் திறந்து எதிரே பார்த்தான்.

ஏஞ்சல் திரும்பியிருந்தது. வலது கண் உரித்த லிச்சிப் பழம்போல வெளுத்திருந்தது. அதற்குப் பின்னால் சின்ன மீன்கள் உடம்பைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் புரண்டன. சில மேலே ஏறி வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவன் ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்தான்.

"உள்ள போ, தார்பா." அன்று தெருவில் நடமாட அனுமதி உள்ள ஊர்க்காவல்காரர் ரெந்திப், கட்டம்போட்ட வேட்டியும் தடியுமாக நின்றார்.

"பாபா, ஒரே எட்டு. அந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"இன்னிக்கு ஆகாசத்துல ப்ளேனே பறக்கல. ஒம் மீனு என்ன அதவிடப் பெருசா?"

"சாவுதுங்க பாபா."

ரெந்திப் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். மஞ்சளும் நீலமுமாக மீன்கள் புரண்டு மின்னின. அவர் முகம் மலர்ந்தது.

"அடப் போடா. எப்படி ஆடுதுங்க பாரு! நேத்து ஊர்வலத்த விட இது ஜோரா இருக்கு" என்றார் தணிந்த குரலில். பிறகு அவரே கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார்.

தார்பா முற்றத்துப் பக்கம் திரும்பினான். வேப்பமர நிழலில் சுக்ராடா, முந்தின நாள் போட்ட ஆறிய காப்பியோடு உட்கார்ந்திருந்தான். தம்பியின் முகத்தைப் பார்த்தான். வேறெங்கும் பார்க்க இடமில்லாமல் கோப்பையைக் கையில் எடுத்தான்.

விளிம்பு வரை நிறைந்த கோப்பை. மடியிலிருந்து உதடு வரை, நடுங்கியதாகச் சொன்ன அதே கையில் அது ஏறியது. ஒரு துளி தளும்பவில்லை; மேலே படர்ந்திருந்த ஆடைகூடச் சுருங்கவில்லை.