முப்பதைக் கூட்டாத கோடு

"2024 ஆகஸ்ட் 13, செவ்வாய். காலையில் வரைந்த கோட்டில் ஒரு சிறு தவறு. முப்பதைக் கூட்ட மறந்துவிட்டேன்."

இவ்வளவு எழுதிவிட்டுப் பிரவீனா பேனாவை மூடினாள். கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா. நாலு மணிக்கு அடக்கம்.

அவருக்கு ஒரு வாரக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தினமும் மாலை வகுப்பு முடிந்து வந்ததும் தெர்மாமீட்டர் வைத்து நோட்டில் குறிப்பாள். நேற்று எட்டு பத்துக்கு 34.2 காட்டியது. அப்பா தூங்குகிறார், பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்தாள். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்து போட்டாள். ஒன்பது மணிக்கு 33.6. அதற்குப் பிறகுதான் நெற்றியில் கை வைத்தாள்.

விடிகாலை ஓசூரிலிருந்து வந்த அண்ணன் சாம்சன் அஞ்சலி பேனரில் போட உயிர் பிரிந்த நேரம் கேட்டான்.

"டாக்டரும் கரெக்டா சொல்லல. நீ இன்னாவோ கிறுக்கினு இருந்தியே, இன்னா வந்துது?"

ஐம்பது நிமிடத்தில் சூடு எவ்வளவு இறங்கியது என்பது தெரியும். அங்கிருந்து உயிரோடிருந்தபோதைய 37 வரை பின்னோக்கிப் போக ஒரு மடக்கை, லாக் கணக்கு, போதும்.

"நாலு இருபத்தெட்டு."

"அப்ப நாலரைன்னு போட்டுடலாம்."

பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் காபி டம்ளரை அவள் கையில் திணித்தாள். "நாலரைக்கு நீ கம்பெனில லைன்ல தான பொண்ணு நின்னுகினு இருந்த? சொன்னா மட்டும் வுட்ருப்பானா உன் சூப்பர்வைசரு? குடி."

குடித்தாள்.

மதியம் சும்மா நோட்டைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. அடுக்குக்குறிக் கோடு வலப்பக்கம் போகப் போகப் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கியிருந்தது. அறையோ முப்பது டிகிரி. உடம்பு அதற்குக் கீழே ஆறாது. முழுக் கோட்டையும் முப்பது மேலே தூக்கியிருக்க வேண்டும். மாலை வகுப்பில் நரசிம்மன் சார் நேற்றுதான் பலகையில் தூக்கிக் காட்டினார்.

தூக்கினாள். இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். கிட்டத்தட்ட 5.25.

நேற்று கம்பெனி பஸ் அவளை இறக்கிவிட்டது ஐந்து மணிக்கு. வீடு பத்து நிமிட நடை. ஐந்தரை வகுப்புக்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போகாமல் வகுப்பு வாசலில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள்.

சாம்சன் மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, டைம் தப்பு. அஞ்சு இருபத்தஞ்சு."

"பேனரு கட்டியாச்சு பிரவீ. ஃபாதர்கிட்டயும் எழுதிக் குட்த்துட்டேன். இதுவாவது கரெக்டா?"

"தெரியல. ஃபேன் ஓடினு இருந்துது, போர்வ வேற. முன்ன பின்ன இருக்கலாம்."

"அப்ப நாலரையே இருக்கட்டும்." அவள் முகத்தைப் பார்த்தான். "அதான் உனக்கும் நல்லது. வுடு."

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தெருமுனையில் பேனர் காற்றில் உப்பி உப்பி அடங்கியது. யாரும் அதில் நேரத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும் குளித்தாள். தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டாள். காலையில் வரைந்த கோட்டை அழிக்காமல், அதற்கு மேலே இரண்டாவதை மையால் இழுத்தாள். பிறகு அந்தப் பக்கத்தின் அடியில் எழுதினாள்:

"நாளை: காலை பத்து மணிக்குள் சர்ச்சுக்குப் போய், அடக்கப் பதிவேட்டில் 4.30-ஐ அடித்து 5.25 என்று எழுதச் சொல்ல வேண்டும்."