முதல் செயலாளரின் பெயர்

“காலிதோட அம்மா, ராஷிதோட அம்மா, சுல்தானோட அம்மா. எட்டு பேர்ல ஒருத்தருக்குக்கூட சொந்தப் பேர் கிடையாதா பாய்?”

சம்யுக்தா காட்டிய திரையை ரிபாய் பார்க்காமலே, இங்கே மரியாதை அப்படித்தான் என்றார். மூத்த மகனின் பெயரை வைத்துத்தான் அழைப்பார்கள். தாயின் பெயரை வெளியாரிடம் சொல்ல மாட்டார்கள். வளைகுடா நகரப் பகுதியான முவைலாவில் இருபது வருடமாக அச்சகம் நடத்துகிறவர் அவர். பக்கம் வடிவமைக்கும் சம்யுக்தா வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

“ரொம்பப் பேசாத. உன் பாஸ்போர்ட்டுல உன் பேருக்குப் பின்னாடி ஓடுறது யார் பேரு?” என்றார் ரிபாய்.

புத்தகம், ஒரு பெண்கள் உரிமைச் சங்கத்தின் ஐம்பது ஆண்டு வரலாறு. சங்கத்தைத் தொடங்கிய எட்டுப் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரில் மனுவில் கையெழுத்திட்டு, பெண்களுக்கு மாலைப் பள்ளி கேட்டார்கள் என்று இரண்டாம் பக்கம் பெருமைப்பட்டது. மூன்றாம் பக்கத்தில் அந்த எட்டுப் பேரின் படம். கீழே எட்டு மகன்களின் பெயர்கள்.

நான்கு முறை புரூஃப் போய்த் திரும்பிவிட்டது. நான்கு முறையும் சம்யுக்தா அந்தப் பெயர்களைச் சிவப்பில் வட்டமிட்டு, சொந்தப் பெயர் கேட்டு அனுப்பினாள். குடும்பத்தார் சம்மதிக்க வேண்டும் என்று சங்கம் பதில் எழுதியது. ஏழு குடும்பங்கள் ஒருவழியாக இறங்கிவந்தன. எட்டுப் பேரில் ஒருவரான, சங்கத்தின் முதல் செயலாளரின் மகன் சுல்தான் மட்டும் முடியாது என்றுவிட்டார். சனிக்கிழமை விழா, வியாழக்கிழமை அச்சுக்குப் போயே ஆக வேண்டும்.

பொறுமை போய், சங்கத்தின் பட்டியலில் இருந்த, முதல் செயலாளரின் எண்ணுக்கு அவளே போன் செய்தாள். எடுத்தது கமலேஸ்வரி, முதல் செயலாளரைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்துப் பெண். தமிழ் என்றதும் விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்த அம்மாள் அரபியில் கேட்டதைக் கமலேஸ்வரி சொன்னாள். தன்னை என்னவென்று போட்டிருக்கிறார்கள் என்று கேட்கிறாராம். சம்யுக்தா தயங்கி, சுல்தானின் அம்மா என்றாள்.

மாலைப் பள்ளிக்கான மனுவை எழுதியவளே தான்தான் என்றும், அப்போது சுல்தான் பிறக்கவே இல்லை என்றும் கமலேஸ்வரி வழியாகப் பதில் வந்தது. கடைசியாக அவர் தன் பெயரை மெதுவாக, இரண்டு முறை சொன்னார். ஷம்ஸா பின்த் உபைத், அதாவது உபைதின் மகள் ஷம்ஸா. சம்யுக்தா தட்டச்சு செய்தாள்.

ஸ்பீக்கர் அணைந்தது. கமலேஸ்வரியின் குரல் தணிந்திருந்தது.

“பிள்ளை, போடவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா வீட்டில அவவோட நான் ஒராள்தான். ஆர் போனைக் குடுத்ததெண்டு மகனுக்கு உடன விளங்கிடும். என்ர விசா அவற்ற பேரில, அடுத்த மாசம் புதுப்பிக்க அவர்தான் கையெழுத்து வைக்கோணும். அவர் கையெழுத்து வச்சாப் பிறகு அச்சடிக்கேலுமோ?”