ஏழு மணி ‘ம்’

காளீஸ்வரன் ஒரு பழைய சிம் கார்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான்: ‘அக்கா, இதை மெயின் போனில் போடக்கூடாது.’ ‘கூடாது’வுக்கு அடியில் இரண்டு கோடு வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெயின் போனாம்! என்னமோ என் வீட்டில் ஏழெட்டு போன் கிடக்கிற மாதிரி.

“எங்கிட்ட இருக்கதே இது ஒண்ணுதானலே” என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்து நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காது போனால் நம் குரல் எவ்வளவு கனம் என்பதும் நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பார்க்கட்டும், எனக்கென்ன.

காளீஸ்வரனுக்கு என் ஊர்தான், பசுவந்தனை. கோவில்பட்டியில் போன் கடை வைத்து ஆறு வருஷம் ஆகிறது. முகத்தைப் பார்த்து உரக்கப் பேசினால் எனக்குப் பாதி பிடிபடும் என்று தெரிந்தவன். மீதியை எழுதிக் காட்டுவான். அந்தப் பொறுமை எங்கள் சொந்தக்காரர்களில் ஒருத்தருக்கும் கிடையாது. போன வாரம் அவன்தான் எனக்கு மெசேஜ் அனுப்பினான். என் போனுக்குப் புது ஓஎஸ் வரப்போகிறது, அதில் போன் பேசும்போது எதிராளி பேசுவது தமிழ் எழுத்தாகத் திரையில் ஓடும், கடைக்கு வந்த ஒருத்தர் காட்டினார், உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது என்று. அடித்துப் பிடித்து பஸ் ஏறி வந்தால் இப்போது வேண்டாம் என்கிறான். ஆளைப் பாரேன்.

“இது இன்னும் முழுசா வெளிய வரலக்கா. பீட்டா. சோதிச்சுப் பாக்கதுக்கு விட்டுருக்காங்க. போன் சுடும், திடீர்னு நின்னுரும், சில ஆப்பு தொறக்கவே செய்யாது. வேண்டாம்னு பழசுக்குத் திரும்பணும்னா எல்லாத்தயும் அழிச்சாத்தான் முடியும். ஐப்பசியில முழுசா வந்துரும். ரெண்டு மாசம் பொறுத்துக்கிடுங்களேன்.”

“புழுதி விதைப்புன்னு சொல்லு.”

அவனும் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி மகன்தானே, சிரித்துவிட்டான். எங்கள் பக்கத்தில் மழைக்கு முந்தியே காய்ந்த கரிசலில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். நல்ல மழை இறங்கினால் முளைப்பு பிரமாதமாக இருக்கும். அரைகுறையாகத் தூறிவிட்டு ஓடிவிட்டால் முளைத்ததும் கருகி, விதையும் போய்விடும்.

“மழை வந்த பெறவு விதைக்கலாம்லாக்கா?”

“வந்த பெறவு கரிசலுக்குள்ள கால் வைக்க முடியுமாலே? முட்டு வரைக்கும் அப்பிக்கிடும்லா.”

அவன் தலையை ஆட்டினான். ஆனால் போனைக் கையில் வாங்கவில்லை. “ரெண்டு நாள் யோசிச்சிட்டு வாங்க” என்று எழுதித் தந்தான்.

யோசிக்க என்ன இருக்கிறது? பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டேதான் வந்தேன். என் வீட்டுக்காரர் திருப்பதி மகாராஷ்டிராவில் ஒரு மிக்சர் கம்பெனியில் அடுப்படி வேலை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவார். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அது தவறியதில்லை. பதினோரு வருஷம் நான் நூல் மில்லில் கிடந்தேன். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. நரம்பு போய்விட்டது என்று டாக்டர் சொன்னதையே மகள் காவியாதான் எனக்கு எழுதிக் காட்டினாள். காதில் மாட்டுகிற மிஷின் வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு போனை வைத்தால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரே சத்தம், அதற்குள் எங்கேயோ அவர்.

காவியா ஹாஸ்டலில் படிக்கிறாள். மாசத்துக்கு ஒருதரம் வரும்போது அவளைப் பேசவிட்டு என்ன சொன்னார் என்று கேட்பேன். அந்த மனுசன் இருபது நிமிஷம் பேசியிருப்பார். மகராசி ஒரே வரியில் முடித்துவிடுவாள்: “அப்பா நல்லா இருக்காவளாம்.” வீடியோவில் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால், அந்த மீசை விட்டால்தானே! அவர் நாலாம் வகுப்பு, எழுத வராது. பேசினால் எழுத்தாகி மெசேஜாகப் போகிற வசதியைக் காவியா பழக்கிக் கொடுத்தாள். அதில் அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ‘நலம், சாப்பிட்டேன், வைக்கிறேன்’ என்று அனுப்புவார். எனக்கு வேண்டியது தகவலா? எனக்கு அவர் பேச்சு வேண்டும். வழவழவென்று, ஒன்றிலிருந்து ஒன்று தாவி, நடுவில் கோபப்பட்டு, பிறகு அதையே மறந்துபோகிற அந்தப் பேச்சு.

கடைசியில் இப்படி ஆகிவிட்டது. ஏழு மணிக்கு அவர் கூப்பிடுவார். நான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ‘ம்’ போடுவேன். அந்த இரைச்சலில் ஒரு சின்ன இடைவெளி வந்தால் ‘ம்’. கொஞ்சம் பெரிய இடைவெளி என்றால் “சரி, சாப்ட்டியளா?” எனக்கு ஒன்றும் கேட்காது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஒருத்தரும் அதைப் பேசியதில்லை. ஆனால் போன ஆடியிலிருந்து இருபது நிமிஷம் பத்தாகி, பத்து ஏழாகியிருந்தது. இன்னும் இரண்டு மாசத்தில் அது இரண்டு நிமிஷமாகிவிட்டால்? மனுசன் பேசாமலே இருந்து பழகிவிட்டால், அதன் பிறகு எந்த ஓஎஸ் வந்து என்ன?

மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டேன். காளீஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டேதான் போட்டான். போட்டோ எல்லாவற்றையும் முன்கூட்டியே அவன் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத் திரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எழுத்து ஓட ஆரம்பித்தது. கமா கிடையாது, புள்ளி கிடையாது.

‘ஏட்டி இசக்கி நான்தான் இங்க மூணு நாளா மழை விட்ட பாடில்ல இதுல ஒரு நாள் மழைய மட்டும் மூட்டை கட்டி நம்ம கரிசக்காட்டுக்கு அனுப்ப முடிஞ்சா எப்படி இருக்கும் பாத்துக்கோ கூட வேலை பாக்க அந்த வடக்கத்திப் பய தவா இன்னைக்கும் எண்ணெய சிந்திட்டான் நான் வஞ்சேன் அவனுக்கு என்ன புரியப் போகுது சிரிக்கான்’

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் புருஷன் போனில் என்னிடம் பேசுகிறார். ஒரு உப்புச்சப்பில்லாத எண்ணெய்க் கதை. அதைப் போய் யாராவது அழுதுகொண்டு படிப்பார்களா? நான் படித்தேன்.

‘என்னட்டி இன்னைக்கு ம் சத்தத்தையே காணும்’ என்று வந்தது.

படிக்கிற ஜோரில் ‘ம்’ போட மறந்திருந்தேன். நீங்கள் பேசுவது எனக்குத் தெரிகிறது என்று அவரிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

‘கேக்காதுன்னு தெரிஞ்சும் கேக்கேன் பாரு கோட்டி பிடிச்சவன் நான் உனக்குக் கேக்காது அதனாலதான் இவ்வளவும் சொல்லுதேன் கேட்டா எனக்கு வாய் வருமா’

“ம்” என்றேன்.

புதன்கிழமை வேறொரு வம்பு வந்தது. புதியம்புத்தூரில் நான் கவுன் தைக்கிற யூனிட்டில் வாசலில் நின்று போனில் முகத்தைக் காட்டினால்தான் வருகைப் பதிவு. அந்த ஆப்பு திறக்கவே இல்லை. சூப்பர்வைசர் சுந்தரேஸ்வரி என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒங்கள யாரு இதப் போடச் சொன்னா? சனிக்கிழம வரைக்கும் நோட்டுல எழுதிக்கிடுதேன். திங்கக்கிழம இது சரியா இல்லன்னா வேன்ல ஏறாதீங்க, சொல்லிட்டேன்.” முகத்துக்கு நேரே கத்தினதால் முழுசும் பிடிபட்டது. மதியம் காளீஸ்வரனுக்கு மெசேஜ் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், அழித்துப் பழசையே ஏற்றித் தருகிறேன், ஐப்பசியில் நல்லபடியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றான். அவன் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. வேலையை விட்டுவிட்டு யாராவது பேச்சை வைத்துச் சோறு பொங்க முடியுமா?

அன்றைக்குச் சாயங்காலம்தான் கை விஷயம் வந்தது.

‘கை இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல மடக்க மட்டும் முடியல மூணு விரலும் ஒட்டுன மாதிரி கிடக்கு எண்ணெ பட்ட அன்னைக்கு உங்கிட்டதான் மொத ஆளா சொன்னேன் நீ ம் ன்ன இப்ப அடுப்பு வேலை இல்ல பாக்கெட்டு ஒட்டுதேன்’

அவர் ஊருக்கு வந்து எட்டு மாசம். கோயில் கொடைக்கு வரவில்லை, சீசன் என்றார். காவியா பூப்பெய்திய சடங்குக்கும் வரவில்லை. லீவு தரவில்லை என்று ஒரு மெசேஜ் வந்தது. எவளையாவது வைத்திருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெந்த கையோடு ஒரு மனுசன் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். நான் ‘ம்’ என்றிருக்கிறேன். அன்றைக்கு அவர் அழுதிருப்பாரோ? அதற்கும் ஒரு ‘ம்’ போட்டிருப்பேன். அதற்குப் பிறகு “சாப்ட்டியளா?” என்றும் கேட்டிருப்பேன்.

வியாழனும் வெள்ளியும் அவர் பேசப் பேச இடம் பார்த்து ‘ம்’ போட்டேன். ஒன்றும் புரியாமல் போட்டபோது எவ்வளவு சுலபமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பாதியில் போன் கொதித்துத் தானாக அணைந்துவிட்டது. அது மறுபடி உயிர் பெறுவதற்குள் அவர் வைத்துவிட்டார். என்ன சொன்னாரோ, அது போனது போனதுதான்.

சனிக்கிழமை ஊரில் பாதிப்பேர் விதைத்துவிட்டார்கள். எங்கள் மூணு குறுக்கம் நிலம் மட்டும் உழுது போட்டபடி கிடந்தது. டிராக்டர்காரர் வந்து கேட்டதற்கு நாளைக்குச் சொல்லுகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் நாளைக்குத்தான் பதில் வைத்திருந்தேன். ஏழு மணிக்குப் போன் வந்தது.

‘விதைச்சாச்சா இல்லியான்னு யார்கிட்டக் கேக்க உங்கிட்டத்தான் கேக்க முடியாதே எனக்கு வரணும்னுதான் கிடக்கு இசக்கி பஸ்ல ஏறி நேரா வந்து உன் கையால ஒரு வாய் கம்மங்கஞ்சி குடிச்சாப் போதும் வந்தா கையப் பாத்துருவ பாத்தா நீ தாங்க மாட்ட அதான் இங்கனயே கிடக்கேன்’

திரை அதோடு நின்றது. ‘ம்’ போட வேண்டிய இடைவெளி.

‘ம்’ போட்டால் போதும். நாளைக்குக் காளீஸ்வரன் எல்லாவற்றையும் அழித்துவிடுவான், திங்கட்கிழமை வேனில் ஏறலாம், அவரும் இதே மாதிரி மனசைத் திறந்து பேசிக்கொண்டே இருப்பார், ஒன்றும் கேட்காத ஒருத்தியிடம். சொல்லிவிட்டாலோ வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டாலும் மூடிக்கொள்வார். நலம், சாப்பிட்டேன், வைக்கிறேன்.

‘இருக்கியா’ என்று வந்தது.

“எந்தக் கையி?” என்றேன். என் குரல் எவ்வளவு கனமாகப் போனதோ தெரியாது. “சோத்தாங்கையா, நொட்டாங்கையா?”

திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. போன் உள்ளங்கையில் சுட்டது, ஆனாலும் நான் அதைக் கீழே வைக்கவில்லை. மேல் மூலையில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு நிமிஷம் நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. அவர் வைக்கவில்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. பன்னிரண்டு நிமிஷம்.