மூன்றாம் மாடியில் பைனா ஓடை

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி நடைவழியில் பைனா ஓடை ஓடத் தொடங்கியதற்குக் காரணம் நான்தான். சார்ல்ஸ்டன் நகருக்குத் தெற்கே எங்கள் தீவில், ஒரு வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் அதன் ஆவி அங்கேயே தங்கிவிடும். நான் லவீனியா விக்ஃபாலுக்குப் படகோட்டுபவன். அவள் சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்தாள்; துறையிலேயே ஒரே கறுப்பினப் பெண். நான்காம் ஆண்டு மே மாதம் அவள் ஓடைநீரைப் புட்டிகளில் அடைத்துக்கொண்டு படகில் ஏறியதும், வாய் சும்மா இருக்காமல், "பைனா, வாம்மா, பின்னாடி நின்னுடாதே" என்று சொல்லித் தொலைத்தேன்.

தீவிலிருந்து பல்கலைக்கழகம் எழுபது மைல். செவ்வாய்க்கிழமை ஓடை அங்கே வந்து சேர்ந்தது. தீவில் ஓடை அப்படியேதான் இருந்தது. ஒரு கிளை மட்டும் புறப்பட்டு வந்திருந்தது. லவீனியாவிடம் நான்கு வருடமாகத் தினமும் அடையாள அட்டை கேட்ட வாசல் காவலர் ஓடையிடம் எதுவும் கேட்கவில்லை.

கோல்ஃப் மைதானத்து உரம் ஓடையின் மூச்சை அடைக்கிறது, சிப்பிகள் சாகின்றன என்பது அவள் ஆய்வு. அவள் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் ஹால்வர்சன் அதை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். "அது உங்கப்பாவோட சிப்பித் திட்டு. நீங்க ரொம்ப நெருக்கத்துல இருக்கீங்க. வெளியாள் யாராவது அளக்கணும்." மூன்றாம் முறையும் திரும்பினால் பட்டம் கிடையாது.

இப்போது அவர் அறை வாசலிலேயே கணுக்கால் அளவு ஓடை. காலுறையைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பதினொரு முறை அளந்தார். பதினொரு முறையும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒன்று புள்ளி ஒன்பது மில்லிகிராம், சிப்பிகளுக்குப் போதாத அளவு; லவீனியாவின் ஆய்வேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த அதே எண். "கால் நனைஞ்சாச்சு. இனி நானும் நெருக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு வகுப்பு அட்டவணைக்குப் பக்கத்தில் ஓடையில் கடல்நீர் ஏறி இறங்கும் நேர அட்டவணையும் ஒட்டப்பட்டது. புது மாணவர்கள் ரப்பர் காலணியோடு வருகிறார்கள். நகலெடுக்கும் இயந்திரத்தில் நண்டு சிக்கினால் அதற்கென்றே ஒரு இடுக்கி இருக்கிறது.

நானோ தேவாலயத்து மீன் விருந்துகளில், புள்ளைக்குப் பட்டம் வாங்கித் தந்ததே என் வாய்தான் என்று இரண்டு வருடம் பேசித் திரிந்தேன்.

"உன் வாய் இதுவரைக்கும் சோறுதான் வாங்கியிருக்கு, அதுவும் அடுத்தவன் தட்டுலேர்ந்து" என்றாள் அங்கே மீன் பொரிக்கும் மேசிக் அக்கா.

அப்படித்தானே என்று லவீனியாவிடம் கேட்கும்போதெல்லாம், "கயித்தை அவிழுங்கண்ணே" என்பாள், அல்லது காற்று எப்படி என்பாள். போன சனிக்கிழமை நடு ஓடையில் இஞ்சினை நிறுத்திவிட்டேன்.

"இன்னைக்குச் சொல்லு புள்ள. என்னாலதானே?"

அவள் புட்டியை மூடினாள்.

"அவங்க நம்பினது உங்களாலதாண்ணே. ஆனா அந்த எண்ணு அதுக்கு முன்னாடியே சரியாத்தான் இருந்துச்சு."