புவனேஸுக்கு ஓர் அறை

என் பெண்சாதி திலகம் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் குறுக்கே நிற்கிறவன் முட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முட்டாள் நான்தான். அவள் தம்பி வசந்தனின் மகள் புவனேஸ் எங்களோடு தங்கிப் படிக்க வருகிறாள் என்றதும், "பின்னறையப் புள்ளைக்கு அழகா செஞ்சு வைக்கணுங்க" என்றாள். மகன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து என் பழைய டயர்களும் மண்வெட்டிகளும் குடியிருக்கிற அறை அது. "எட்டு வயசுப் புள்ளைக்கு எதுக்குத் தனி ரூம்பு?" என்று வாயைக் கொடுத்தேன். மறுநாள் டயர்கள் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

வசந்தன் கீழே பள்ளத்தாக்கில், லெம்பா பெர்த்தாமில், காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறான். போன மழைக்காலத்தில் அவன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து, சேறு கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே தனியாக இருந்த புவனேஸைப் பலகையை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். வீடு போய்விட்டது. அவனும் பெண்சாதியும் இப்போது அதே மேட்டடியில் ஒரு குடிசையில் இருக்கிறார்கள்.

"உங்க வீட்டுல அவ தூங்குனான்னா அங்கேயே இருக்கட்டும் அக்கா" என்றான் போனில். "தூக்கமில்லாம ஏங்கிப்போனா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

மறுபடியும் அந்த மேட்டடிக்கா? திலகம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டிவிட்டு வந்து, காப்பி கூடக் குடிக்காமல் சாய வாளியைத் தூக்குவாள். இந்த மலையில் சாயம் லேசில் காய்ந்துவிடாது. அக்கம்பக்கத்துக் காற்றாடிகளையெல்லாம் இரவல் வாங்கி வந்து சுற்றவிட்டாள். பலகைச் சுவர் நல்ல மாம்பழ மஞ்சளாகிவிட்டது. பூத்தோட்டத்தில் வேண்டாமென்று போட்ட மரப்பெட்டிகளைத் தேய்த்துப் புத்தகம் வைக்கத் தட்டு செய்தாள். ஓரம் கிழிந்த கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே பல்பு மாட்டினாள். போட்டதும் கூரையெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். படித்துப் பட்டம் வாங்கினவர்களுக்குக்கூட இந்த யோசனை வராது, சத்தியமாக.

எங்கள் வரிசை வீட்டு லயமே வந்து பார்த்தது. "தொர வீட்டுப் புள்ளைக்குக்கூட இப்படி ரூம்பு இருக்காதுலா" என்றாள் பக்கத்து வீட்டு ரஞ்சிதம். எனக்குத் தலைகால் புரியவில்லை, ஏதோ நானே செய்ததுபோல.

பின்சன்னல் ஒன்றுதான் அழகைக் கெடுத்தது. எங்கள் லயத்தில் பின்சன்னலை யாரும் திறப்பதில்லை. பனி உள்ளே வந்தால் போர்வையெல்லாம் ஈர நாற்றம் அடிக்கும். வீடு கிடைத்த அன்றைக்கே ஆணி அடித்துவிடுவோம். திலகம் அதன் மேலேயே சாயம் அடித்து, சேலைத் திரை போட்டு, முன்னால் அலமாரியை நகர்த்தி மறைத்துவிட்டாள்.

புவனேஸ் வந்தாள். எட்டிப் பார்த்தாள். "அழகா இருக்கு அத்தை" என்றாள், கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்கிற மாதிரி. அன்றைக்கு ராத்திரி மழை பிடித்ததும் எழுந்து வந்து வாசல் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அப்படியே. கண் குழி விழுந்துவிட்டது. வசந்தனுக்குச் சேதி போய், சனிக்கிழமை வருகிறேன் என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு செஞ்சும் என்னதான் வேணுமாம் இந்தப் புள்ளைக்கு?"

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. ரூம்புலதான் ஏதோ குறை" என்றாள் திலகம்.

அன்று மத்தியானம் மழை தகரத்தில் இறங்கியபோது, அவள் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையின் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து வெளியே வந்தாள்.

"என்னங்க, அங்கேருந்து வெளியே போக ஒரே வழிதாங்க இருக்கு. அதையும் சேறு அடைச்சா?"

நேரே உள்ளே போனாள். அலமாரியைத் தள்ளினாள். திரையைக் கழற்றினாள். தானே பார்த்துப் பார்த்து அடித்த மஞ்சள் சாயத்தைக் கத்தியால் சுரண்டி ஆணிகளைத் தேடினாள். நான் பிடுங்கினேன். ஒரு பலகை பிளந்தது, சுவர் பல்லிளித்தது. அவள் முகத்தில் ஒரு சுணக்கம் இருக்க வேண்டுமே, இல்லை. தான் செய்த அழகைத் தானே கலைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? என் பெண்சாதிக்கு வந்தது. சன்னலுக்கு உள்ளே ஒரு பெட்டி, வெளியே கீரைப்பாத்தி ஓரம் ஒரு பெட்டி, ஏறி இறங்க.

மழை விட்டிருந்தது. புவனேஸ் சன்னலைத் திறந்தாள், மூடினாள். ஏறி வெளியே குதித்தாள், திரும்பி வந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு திலகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத்தை, நீங்க போய்க் காட்டுங்க."

திலகம் நல்ல ஆகிருதி. தலை போனது, தோள் போனது, இடுப்பு மாட்டிக்கொண்டது. முன்னால் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை. நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. இழுத்து இறக்கியதும் அவளும் சிரித்தாள். புவனேஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க எப்படி வருவீங்க?"

"நீ மொதல்ல போயிரு கண்ணு. நாங்க எப்படியாவது வந்துருவோம்."

"மாட்டேன்" என்றாள். "நான் மட்டும் போகமாட்டேன்."

எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. திலகம் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் போய் ரம்பமும் பென்சிலும் எடுத்து வந்தேன். வீடு தோட்டத்து வீடு, சன்னலைப் பெரிசாக்கச் சுவரை அறுத்தால் மெனேஜர் கூப்பிட்டு அனுப்புவார். அனுப்பட்டும். திலகத்தை எழுப்பிச் சன்னலோரம் நிறுத்தி, அவள் அகலத்துக்குக் கோடு போட்டேன்.

புவனேஸ் கிட்டே வந்து கோட்டைப் பார்த்தாள். என்னை அண்ணாந்து பார்த்தாள். பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நீங்களும் நில்லுங்க" என்றாள்.