காய்ச்சல் கட்டாயம் வரும்

நான் சொன்னது ஒரே ஒரு பொய்தான். அதுவும் நல்ல எண்ணத்தில் சொன்ன பொய். கொரோனா ஊசி போடும் முதல் முகாமில் நெசவாளர் பரசுராமன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, காய்ச்சல் வருமா என்று கேட்டார். ஆரணிக்கு மாற்றலாகி வந்த புது நர்ஸ் நான். வரிசையோ நீளம், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. ஒன்றும் வராது, நேராகப் போய்த் தறியில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மனுஷனுக்கு அன்று மாலையே நூற்றிரண்டு டிகிரி. மூன்று நாள் படுத்த படுக்கை. நான்காம் நாள் டீக்கடைக்குப் போனவர், என் பெயரைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டுத்தான் டீயைத் தொட்டாராம். அடுத்த முகாமில் மூன்று மணிவரை ஊசிப் பெட்டி என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். ஒரு ஆள்கூட வரவில்லை.

மற்றவர்கள் வராததுகூடப் போகட்டும். பரசுராமனின் மனைவி குணசுந்தரியை நினைத்தால்தான் கவலையாக இருந்தது. அவளுக்கு மூச்சிழுப்பு. சாதாரணச் சளி பிடித்தாலே வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கொரோனா வந்தால் அவள் தாங்கமாட்டாள். வெட்கத்தை விட்டு வீட்டுக்கே போனேன். கதவைப் பாதி திறந்து நின்று பேசினாள்.

"உங்க பேச்ச நம்பி ஊசி போட்டுகினுதான் அவரு மூணு நாளு படுத்துகினு இருந்தாரு, நர்சம்மா. காய்ச்சல் வரும்னு முன்னயே சொல்லியிருந்தா வேலைய முன்ன பின்ன வெச்சிகினு இருப்போம். நீங்கதான் வரவே வராதுன்னுட்டீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. இவர்கள் பயந்தது ஊசிக்கு இல்லை, என் வாய்க்கு.

மேலதிகாரியோ, சிரிக்கிற குழந்தைப் படம் போட்ட நோட்டீஸ் இன்னும் இருநூறு அனுப்பினார். அதை வைத்து நான் என்ன செய்ய, வடை மடிக்கவா? முகாம் புதன்கிழமை என்று அதில் அச்சடித்திருந்தது. போனில் அவரோடு மல்லுக்கு நின்றேன். இந்த நெசவாளர் தெருவில் அமாவாசையன்று யாரும் தறியைத் தொடமாட்டார்கள், அன்றைக்கு ஊசி போட்டால் வேலை அவ்வளவாகக் கெடாது என்று விளக்கினேன். என் தொல்லை தாங்காமல் அமாவாசையும் மறுநாளும் முகாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அறிவிப்புக்கு ரஞ்சித்குமாரின் ஆட்டோ. அதில் பதிவு செய்த ஒரு பெண் குரல், பயப்பட ஒன்றுமில்லை என்று தேனாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி மைக்கை நானே பிடுங்கினேன்.

"நர்ஸ் ரேணுகாதேவி பேசறேன். போன தடவ காய்ச்சல் வராதுன்னு சொன்னேன். அது பொய். தப்பு என்னுது. காய்ச்சல் வரும். கை வலிக்கும். ரெண்டு நாள்ல சரியாப் போயிடும். அமாவாசைக்கு வந்து போட்டுக்குங்க, தறி எப்படியும் சும்மாத்தான் கெடக்கும்."

இப்படிக் கூவினால் எவன் வருவான் என்று ரஞ்சித்குமார் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கோ பித்துப் பிடித்த மாதிரி ஒரு குஷி. உண்மையைச் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறதென்று யார் கண்டது? மூன்றாவது சுற்றில், காய்ச்சல் கட்டாயம் வரும், கட்டாயம் வரும் என்று ராகம் போட்டே கூவிக்கொண்டிருந்தேன். பெண்கள் வாசலுக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அமாவாசையன்று இரண்டாவது ஊசிக்கு முதல் ஆளாகப் பரசுராமன் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவையாவது நிஜம் சொல்கிறேனா பார்க்கிறாராம். அவர் பின்னால் பதினொரு பேர், அவ்வளவுதான். குணசுந்தரி வரவில்லை. புருஷனுக்குக் காய்ச்சல் வந்து, நான் சொன்னபடி இரண்டு நாளில் எழுந்துவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

மறுநாள் காலை நான் பெட்டியைத் திறக்கும்போதே தெருவில் கூச்சல். பரசுராமன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்.

"இன்னா பேஜாருங்க இது. கஞ்சி வெச்சாச்சு, மாத்திர வாங்கியாச்சு, தறிய மூடியாச்சு. கம்பளியப் போத்திகினு காத்துகினே கெடக்கறேன், காய்ச்சல் வரவே இல்ல. கைகூட வலிக்கல. இந்தம்மா மறுபடியும் பொய் சொல்லிட்டாங்க."

தொலைந்தேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. காய்ச்சல் வரவில்லையாமே என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். அவர் திட்டத் திட்ட வரிசை நீண்டது. கூட்டத்தை முந்திக்கொண்டு வந்து முதலில் உட்கார்ந்தவள் குணசுந்தரி.

"எனக்கு வருமா, நர்சம்மா?" என்று கேட்டாள்.

வராது என்று சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"வந்தாலும் வரும், வராமலும் போகும். யாருக்கு வரும்னு எனக்கே தெரியாதுங்க."

அவள் கையை நீட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்படியே ஊசியைப் போட்டு முடித்தேன். குணசுந்தரி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வரட்டும். வெச்ச கஞ்சி அப்படியே இருக்குது. ரெண்டு நாளைக்கு அவரு ஊத்திக் குடுக்கட்டும்."

திட்டிக்கொண்டிருந்த பரசுராமன் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, கஞ்சியைச் சூடாக்க வீட்டுக்குள் போனார்.