கழுத்துக்குக் கீழே

சீசன் முடிந்த வாரத்தில் மீரா சாகிப் சார் கல்லூரி ரக்பி அணியை விளையாட்டுத் துறை அறைக்கு வரச் சொன்னார். மொத்தம் எட்டுப் பெண்கள். காயர் மேட்டை விரித்து, எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கொரு முட்டை பப்ஸ் கொடுத்தார். பெரிய அணிகளெல்லாம் சீசன் முடிந்ததும் இப்படி உட்கார்ந்து பேசுவதை ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார்.

"ஒளிவுமறைவே வேணாம். எதனால தோத்தோம்னு மனசுல இருக்கிறத அப்படியே சொல்லுங்க. யாரும் யாரு மேலயும் கோவிச்சுக்கக் கூடாது, என்ன?"

அஞ்சுகம் பப்ஸைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். எங்கே தோற்றோம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூரில், அரையிறுதியில், அவள் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன இடத்தில்.

அவள் போலகத்துக்காரி. முதலாண்டில் கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி மொத்தத்தையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டதைப் பார்த்துத்தான் சார் அவளைக் கூப்பிட்டார். ரக்பி என்றால் என்னவென்று அவளுக்கு மட்டுமல்ல, காரைக்காலில் பாதிப் பேருக்குத் தெரியாது. பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவளைப் பிடித்துத் தள்ள வேண்டும், ஆனால் கழுத்துக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்று சார் சொல்லிக்கொடுத்தார். அதற்கு டேக்கிள் என்று பெயர். அவ்வளவுதான். அவள் பிடித்தால் எவளும் நிற்கவில்லை. ஒரே மாதத்தில் அணியில் அவளுக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது: வாஞ்சூர் லாரி. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு வருகிற லாரி. அவள் உடம்புக்கும் சேர்த்து, நிறத்துக்கும் சேர்த்து வைத்த பெயர். வைத்தவள் கேப்டன் ஜோவிதா. அஞ்சுகமும் கூடவே சிரித்தாள். அதுவரை அவளை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. இப்போது ஏழு பேர் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்திக் கூப்பிட்டார்கள்.

அரையிறுதி நாகப்பட்டினத்துக் கல்லூரியோடு. இடைவேளையில் ஒரு ட்ரை பின்னால் இருந்தார்கள். ட்ரை என்றால் பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பது. அந்த அணியின் ஏழாம் நம்பர் பெண் தஹ்ஸீன், யார் கைக்கும் சிக்காமல் விலாங்கு மாதிரி நழுவி இரண்டு ட்ரை போட்டிருந்தாள். தோள்மேல் தோள் போட்டு வட்டமாகக் குனிந்து நின்றபோது ஜோவிதா சொன்னாள்:

"அவ நிக்கிற வரைக்கும் நாம ஜெயிக்கப் போறதில்ல. லாரி, நீதான். மேல போட்டு அடி. அவ திரும்ப எந்திரிக்கக் கூடாது."

அஞ்சுகம் தலையை நிமிர்த்திச் சாரைப் பார்த்தாள். அவர் வட்டத்துக்கு வெளியே ஒரு கையெட்டும் தூரத்தில்தான் நின்றார். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்து இரண்டாவது நிமிடத்திலேயே தஹ்ஸீன் ஓரமாக வந்தாள். அஞ்சுகம் முழங்கையை மடக்கி, ஓடிவந்த வேகத்தோடு கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் போட்டாள். காய்ந்த மட்டை முறிவது போல ஒரு சத்தம். தஹ்ஸீன் கத்தக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி புல்லில் கிடந்தாள். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து சிவப்பு அட்டையைத் தூக்கினார். மீதி ஆறு பேரும் அன்றைக்குப் பட்ட பாட்டை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது காயர் மேட்டில் முதலில் பேசியது ஜோவிதா. ஒரு தலைவி பேசுவது போல நிதானமாகப் பேசினாள்.

"இந்த வருசம் நாம எவ்ளோ கஷ்டப்பட்டோம். ஒருத்தி பண்ணுன காரியம், எல்லாம் போச்சு. நான் பழி சொல்லல சார். அஞ்சுகத்துக்கு பலம் இருக்கு, புத்தி இல்ல. அது அவ தப்பில்ல."

ஜூலியட் சிரிப்பை அடக்கப் பப்ஸைக் கடித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஓட்டம் பத்தாது. தோளோடு தோள் பிணைத்துத் தள்ளுகிற ஸ்க்ரம்மில் வியர்வை நாற்றம் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் இரண்டு பேர் இடம் பிடிக்கிறாள். தோல்வியைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் அவள் உடம்பைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியில் சலோமியின் முறை வந்தது. திருமலைராயன்பட்டினத்துக்காரி, தினமும் ஒரே பஸ், ஒரே சீட்டு. அஞ்சுகம் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் பாதி அவளுக்குத்தான். இவளாவது வேறு மாதிரி பேசுவாள் என்று அஞ்சுகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அஞ்சுகம் நல்ல புள்ளதான் சார்," என்றாள் சலோமி, தரையைப் பார்த்தபடி. "ஆனா... ஆள இடிச்சுத் தள்ளுறப்ப நல்லா இருக்குடின்னு அவளே எங்கிட்ட சொல்லியிருக்கா. எனக்கு அப்பவே பயமாத்தான் இருந்துச்சு."

சொன்னது உண்மைதான். ஒரு மழை நாளில், ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, இரண்டு பேரும் ஒரே துப்பட்டாவில் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னது.

"இப்ப நான் பேசலாமா சார்?" என்றாள் அஞ்சுகம்.

"சொல்லும்மா."

"ஜோவிதாதான் அடிக்கச் சொன்னா. எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னா. எல்லாரும் தலைய ஒட்டிக்கிட்டுத்தானே நின்னீங்க? யாராச்சும் சொல்லுங்கடி."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"நான் டேக்கிள் பண்ணுன்னுதான் சொன்னேன்," என்றாள் ஜோவிதா. "டேக்கிளுக்கும் அடிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியலன்னா நான் என்ன பண்றது?"

"சலோமி?"

"சத்தமா இருந்துச்சு அஞ்சுகம். எனக்குச் சரியா கேக்கல."

"சார், நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

மீரா சாகிப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வாரம்தான் பல்கலைக்கழக அணிக்கு ஜோவிதாவின் பெயர் போயிருந்தது. காரைக்காலிலிருந்து போகிற முதல் பெயர்.

"ஜெயிச்சா எல்லாரும் ஜெயிச்சோம். தோத்தா அடுத்தவங்கள கைகாட்டுறதா? நான் இதையா உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்?" என்றவர், குரலை இறக்கினார். "அந்தக் காலேஜ்ல புகார் குடுத்திருக்காங்க. மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ அனுப்பிட்டா முடிஞ்சுபோயிடும். இப்பவே எடுத்துடலாம்."

அங்கேயே, எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரோரம் அவளை நிறுத்தினார்கள். ஜூலியட் போனைப் பிடித்தாள். முதல் தடவை குரல் சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை, "அணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு ஒரு வரி சேத்துக்க," என்றார் சார். மூன்றாம் தடவை ஜோவிதா குறுக்கிட்டாள்.

"முகம் மரமாட்டம் இருக்கு சார். வருத்தப்படுற மாதிரியே தெரியல."

"கண்ணு கலங்குனா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் ஜூலியட்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி. எத்தனையாவது தடவையிலோ அஞ்சுகம் நிஜமாகவே உடைந்து, மூக்கு ஒழுக, வாய் கோண, தேம்பித் தேம்பி அழுதாள். "இது ஓகே," என்றாள் ஜூலியட்.

மன்னிப்பு வீடியோ நாகப்பட்டினம் போனதோ இல்லையோ, மறுநாள் காலை இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டது. அவள் தேம்புகிற ஒவ்வொரு இடத்திலும் லாரி ஹாரன் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். கேன்டீனில் யாரோ ஒருவன் அவளைக் கண்டதும் வாயாலேயே ஹாரன் அடித்தான். சாயங்காலத்துக்குள் அது போலகம் வரை வந்து, களத்தில் நெல் அள்ளிக்கொண்டிருந்த அவள் அப்பா காத்தமுத்துவிடம் யாரோ காட்டியும்விட்டார்கள்.

அவர் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டுக் கேட்டார்.

"அந்தப் புள்ள எலும்ப ஒடச்சியா?"

"ஒடச்சேன்."

"அப்ப எதுக்கு அழுவுற? அழுவுறவ ஒடைக்கக் கூடாது. ஒடைச்சவ அழுவக் கூடாது." அதோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பிறகு அவளிடம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. வேறு எதைப் பற்றியும் அவ்வளவாகப் பேசவில்லை.

தஹ்ஸீனிடமிருந்து செய்தி வந்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. 'வீடியோ பாத்தேன். உன் கேப்டன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு.'

அஞ்சுகம் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அடிபட்டவளே சொன்னால் யார் மறுக்க முடியும்? நேரில் வரட்டுமா என்று கேட்டாள். தஹ்ஸீன் நாகூரில் தெருப் பெயரை அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டஜன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வாஞ்சூர் தாண்டினால் நாகூர். கதவைத் திறந்தது தஹ்ஸீனின் உம்மா சஃபியா. "தஹ்ஸீனோட விளையாடுற புள்ளையா? வாம்மா, வா," என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். நாற்காலியில் தஹ்ஸீன் இருந்தாள். வலது கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முகம் சின்னதாகியிருந்தது. அஞ்சுகத்தைப் பார்த்தாள், யாரென்று சொல்லவில்லை.

சஃபியா டீ கொண்டுவந்தாள். இறால் வைத்துச் சுட்ட சூடான வாடா கொண்டுவந்தாள். எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"காறை எலும்பு ரெண்டா போயிடுச்சும்மா. தகடு வச்சிருக்கு. தலைவாரக்கூட நான்தான் வாரணும். எவளோ ஒரு எருமமாடு. புள்ள பெத்த வயிறு அவ வீட்டுல இல்லியா? அவ கை வெளங்காமப் போவ. நல்லா தின்னும்மா, இன்னொண்ணு எடுத்துக்க."

அஞ்சுகம் தஹ்ஸீனைப் பார்த்தாள். தஹ்ஸீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மாவைத் தடுக்கவில்லை. சஃபியா ஒவ்வொரு ராத்திரியும் மகள் படுகிற வேதனையைச் சொன்னாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துச் சஃபியா பழத்தைக் கழுவ எழுந்துபோனாள்.

"உங்க காலேஜ்ல சொல்றியா?" அஞ்சுகம் அவசரமாகக் கேட்டாள். "அவ சொன்னதுக்கு நீ சாட்சி. நீ சொன்னா நம்புவாங்க."

"நான் தண்ணி பாட்டில் எடுக்க அந்தப் பக்கம் வந்தேன். நல்லாவே கேட்டுச்சு," என்றாள் தஹ்ஸீன். "கேட்டதுனாலதான் நீ வர்றப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். செய்ய மாட்டேன்னு நெனச்சேன். நீ சிரிச்ச."

"நான் சிரிக்கல."

"சிரிச்ச. அவ வாயாலதான் சொன்னா. ஒடச்சது நீ. அவள மாட்டிவிட்டா உனக்குப் பாரம் கொறையும். அதுக்கு நான் எதுக்கு?"

"அப்புறம் எதுக்கு எனக்கு எழுதுன?"

"நீ வருவன்னுதான். எங்க உம்மா சொல்றத நீ ஒக்காந்து கேக்கணும்னுதான்."

சஃபியா தட்டோடு திரும்பி வந்தாள். தஹ்ஸீன் சாதாரணமாகச் சொன்னாள்:

"உம்மா, இவதான் அது."

சஃபியாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தட்டை வைத்தாள். கத்தவில்லை. அஞ்சுகத்தின் கையிலிருந்த டீ கிளாஸை, பாதி டீயோடு, மெதுவாக வாங்கிக்கொண்டாள். ஆரஞ்சுப் பையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பிறகு போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அஞ்சுகத்துக்கு அழுகை வரவில்லை. சிரித்தேனா என்று மட்டும் யோசித்துக்கொண்டே வந்தாள். வாஞ்சூர் அருகே நிலக்கரித் தூசியில் பஸ் நின்றபோது நிச்சயமாகிவிட்டது. சிரித்துத்தான் இருந்தாள்.

வீடு வந்து சேர்வதற்குள் சலோமி போனில் கூப்பிட்டாள். எதுவுமே நடக்காதது போன்ற குரல்.

"அஞ்சுகம், உனக்குத் தடை அந்த ஒரு டோர்னமென்ட்டுக்கு மட்டுந்தானாம். அடுத்த மாசம் திருவாரூர்ல தனியா ஒரு போட்டி இருக்கு. ஒருத்தி வரலன்னுட்டா, நீயும் இல்லன்னா ஆறு பேருதான், ஏழு பேரு வேணும். சார் உன்ன வரச் சொன்னாரு. ஜோவிதாகூடக் கேட்டா."

"அவ ஆடுறாளா?"

"ஆமா. பல்கலைக்கழக கேம்ப்புக்கு முன்னாடி நல்லா பிராக்டிஸ் வேணுமாம்."

"வர்றேன்," என்றாள் அஞ்சுகம்.

திங்கட்கிழமை சாயங்காலம் மைதானத்தில் எல்லோரும் அவளை ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். ஜூலியட் முதுகில் தட்டினாள். "லாரி வந்துடுச்சு," என்று ஜோவிதா கத்தினாள், அதே பழைய செல்லத்தோடு. சார் டேக்கிள் பயிற்சி வைத்தார். ஒருத்தி பந்தோடு ஓடி வர வேண்டும், ஒருத்தி பிடிக்க வேண்டும். பிடிக்க அஞ்சுகம் நின்றாள். முதலில் ஓடிவந்தது ஜோவிதா.

அஞ்சுகம் குனிந்து, தலையைச் சரியான பக்கம் வைத்து, தோளை விலாவுக்குள் இறக்கினாள். கழுத்துக்கு ஒரு முழம் கீழே. விதிப்படி, புத்தகத்தில் படம் போட்டிருப்பது போல. ஜோவிதா காற்றில் போய் மல்லாந்து விழுந்தாள்.

"சபாஷ்!" என்றார் சார். "பாத்துக்குங்க, இதுதான் டேக்கிள். இன்னொரு தடவ."

ஜோவிதா எழுந்து வந்தாள். மறுபடி விழுந்தாள். மூன்றாம் தடவை எழுந்தபோது ஒரு கையால் விலாவைப் பிடித்திருந்தாள். போதும் என்று சொல்ல அவளால் முடியவில்லை. பல்கலைக்கழக அணிக்குப் போகிறவள், இதற்கே போதும் என்று எப்படிச் சொல்வது? நான்காம் தடவை அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சார் மட்டும் விசிலை வாயில் வைத்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை.

புல்லில் கிடந்த ஜோவிதா தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினாள். அஞ்சுகம் அந்தக் கையைத் தாண்டிப் பந்தை எடுத்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. உடம்பெல்லாம் இதமாக இருந்தது. அது தனக்கு இதமாக இருக்கிறது என்பதை இந்த முறை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பந்தை வரிசையில் முதலில் நின்ற சலோமியின் நெஞ்சைப் பார்த்து எறிந்தாள். சலோமி அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு சாரைப் பார்த்தாள்.

"ஓடி வா," என்றாள் அஞ்சுகம்.

சார் விசிலை ஊதினார்.